120 ஜிபி காலியா கிடக்கு, இன்ஸ்டாலர் மட்டும் இடம் பத்தலைங்குது: 100 எம்பி ஈஎஃப்ஐ பார்ட்டிஷனை என்ன பண்றது?

போன மாசம் சித்தி பையன் ராத்திரி பத்தரை மணிக்கு போன் பண்ணான். "அண்ணா, விண்டோஸ் கூடவே பாப் ஓஎஸ்னு ஒரு லினக்ஸ் போடலாம்னு உக்காந்தேன், பார்ட்டிஷன் சின்னதா இருக்குன்னு சொல்லி நின்னுடுச்சு, 120 ஜிபி ஒதுக்கி வச்சிருக்கேன்ணா, இன்னும் எவ்ளோதான் கேக்கும் இது?" நான் கேட்டது ஒன்னே ஒன்னுதான், எந்த பார்ட்டிஷன் சின்னதுங்குது? கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம் ஸ்கிரீனை போட்டோ எடுத்து அனுப்புனான். ரூட் (லினக்ஸ் சிஸ்டம் இருக்க இடம்) இல்ல, ஹோம் (நம்ம ஃபைல் இருக்க இடம்) இல்ல, /பூட்/ஈஎஃப்ஐ. விண்டோஸ் போட்டப்போ அது தானா வெட்டி வச்ச 100 எம்பி துண்டு. அதுக்குத்தான் இவ்ளோ ரகளை.

இந்த இடத்துல மாட்டுறவங்க நிறைய பேரு அடுத்து என்ன பண்றாங்கன்னா அந்த 100 எம்பியை இழுத்து பெருசாக்க பாக்குறாங்க, பக்கத்துல இருக்க சி டிரைவை நகத்துறாங்க, நடுவுல ஏதாவது நின்னுச்சுன்னா அதோட விண்டோஸும் போச்சு, உள்ள இருந்த போட்டோவும் போச்சு. பெருசாக்கவே வேணாங்க. அதை இருக்க இடத்துல இருக்கட்டும்னு விட்டுட்டு, காலியா இருக்க இடத்துல 1 ஜிபிக்கு புதுசா இன்னொரு ஈஎஃப்ஐ பார்ட்டிஷன் போட்டா வேலை முடிஞ்சுது. ஒரே டிஸ்க்ல ரெண்டு ஈஎஃப்ஐ பார்ட்டிஷன் இருக்கக்கூடாதுன்னு ஒரு சட்டமும் கிடையாது.

(கமாண்டெல்லாம் காதுல விழுற மாதிரி தமிழ்லயே எழுதியிருக்கேன், டெர்மினல்ல அடிக்கும்போது இங்கிலீஷ்ல சின்ன எழுத்துல அடிச்சுக்கோங்க. பெரும்பாலும் மவுஸ்லயே முடியுற வேலைதான், கமாண்ட் கொஞ்சம்தான் வரும்.)

மொதல்ல எது சின்னதுன்னு பாருங்க

"பூட் பார்ட்டிஷன்"னு வாயில சொல்றது ஒன்னு, ஆனா அந்தப் பேர்ல மூணு சாமான் இருக்கு, இதைக் குழப்பிக்கிட்டு தப்பான வைத்தியம் பண்றவங்க ரொம்ப பேரு.

ஒன்னு ஈஎஃப்ஐ சிஸ்டம் பார்ட்டிஷன். மெஷினை ஆன் பண்ணதும் மதர்போர்டுல இருக்க யூஈஎஃப்ஐ ஃபர்ம்வேர் மொதல்ல எட்டிப் பாக்குற இடம் இதான். ஃபர்ம்வேருக்கு விண்டோஸோட என்டிஎஃப்எஸ்ஸும் தெரியாது லினக்ஸோட எக்ஸ்ட்4ம் தெரியாது (இதெல்லாம் டிஸ்க்ல ஃபைலை அடுக்குற முறை, ஃபைல் சிஸ்டம்பாங்க), அது படிக்கிறது ஃபேட் மட்டும்தான், அதனால இது ஃபேட்32ல இருக்கும். ரெண்டாவது லினக்ஸோட /பூட், கர்னலும் (லினக்ஸோட மூளை) இனிட்ஆர்டியும் (பூட் ஆகும்போது கர்னலுக்கு மொதல்ல வேண்டிய டிரைவர் மூட்டை) உக்காந்திருக்க ஃபோல்டர். சாதாரணமா இது ரூட்டுக்குள்ளயே ஒரு ஃபோல்டரா இருக்கும், டிஸ்க்கை என்கிரிப்ட் பண்ணி போட்டீங்கன்னா தனி பார்ட்டிஷனா வெளிய வந்துரும். மூணாவது பயாஸ் பூட்னு ஒரு 1 எம்பி துண்டு, பழைய பயாஸ் மெஷின்ல ஜிபிடி (புது மாதிரி பார்ட்டிஷன் அட்டவணை) டிஸ்க் வச்சு க்ரப்னு லினக்ஸை எழுப்பிவிடுற பூட்லோடர் போட்டா மட்டும் வேணும், ஃபார்மேட்டே பண்ணாம சும்மா விட்டுரணும். அந்த 1 எம்பியை பாத்துட்டு "அய்யோ இவ்ளோ சின்னதா"ன்னு பதறாதீங்க, அதோட சைஸே அவ்ளோதான்.

நம்ம கதை மொதல் ஆளோடது. ரெண்டாவது ஆளு நிரம்புறது வேற வியாதி, அதுக்கு கடைசியில வர்றேன்.

விண்டோஸ்ல இருந்தே பாக்கணும்னா விண்டோஸ் கீயும் எக்ஸும் சேத்து அமுக்கி டிஸ்க் மேனேஜ்மென்ட் திறங்க. இடது ஓரத்துல 100 எம்பின்னோ 260 எம்பின்னோ போட்டு ஈஎஃப்ஐ சிஸ்டம் பார்ட்டிஷன்னு இருக்கும். இங்க ஒரு ஏமாத்து வேலை இருக்கு, அது 100 சதவீதம் காலின்னு காட்டும். நம்பாதீங்க. அந்த பார்ட்டிஷனுக்கு டிரைவ் லெட்டர் இல்லாததால உள்ள என்ன இருக்குன்னு அந்த விண்டோ பாக்குறதே இல்ல, காலின்னு சும்மா போட்டுருது. நிஜ கணக்கு வேணும்னா லைவ் யூஎஸ்பில (லினக்ஸ் போட்ட பென்டிரைவ்) பூட் பண்ணி ஜிபார்ட்டட்னு பார்ட்டிஷன் வெட்டுற டூல்ல பாருங்க, யூஸ்டுன்னு ஒரு கட்டம் இருக்கும். தம்பி மெஷின்ல அதுல 60 எம்பிக்கு மேல போயிருந்துச்சு. விண்டோஸோட பூட் ஃபைல் 30 எம்பி சுமாருக்கு, மிச்சம் லேப்டாப் கம்பெனிக்காரன் தன் பேர்ல ஒரு ஃபோல்டர் போட்டு பயாஸ் அப்டேட் ஃபைலை எல்லாம் கொட்டி வச்சிருந்தான்.

அதே லேப்டாப்ல உபுண்டு மட்டும் எப்படி ஏறுது?

தம்பியும் இதைத்தான் கேட்டான், அவன் ரூம்மேட் அதே மாடல்ல உபுண்டு போட்டு ஒரு வருஷமா ஓட்டுறானாம். நியாயமான கேள்வி. பதில் பூட்லோடர்ல இருக்கு.

உபுண்டு, மின்ட் மாதிரி லினக்ஸ் எல்லாம் க்ரப் வைக்கும். க்ரப்புக்கு எக்ஸ்ட்4 படிக்கத் தெரியும். அதனால ஈஎஃப்ஐ பார்ட்டிஷன்ல க்ரப்போட ஃபைலும் ஷிம்னு ஒரு குட்டி ஃபைலும்னு சில எம்பிதான் போகும், கனமான கர்னலும் இனிட்ஆர்டியும் ரூட் பார்ட்டிஷன்லயே படுத்திருக்கும், க்ரப் அங்க போய் எடுத்துக்கும். 100 எம்பி இல்ல 50 எம்பி மிச்சம் இருந்தாலும் ஓடிரும்.

பாப் ஓஎஸ் யூஈஎஃப்ஐ மெஷின்ல வைக்கிறது சிஸ்டம்டி-பூட்னு வேற பூட்லோடர். அது ரொம்ப எளிமையான ஆளு, ஃபைல் சிஸ்டம் எதையும் தானா படிக்காது, ஃபர்ம்வேர் என்ன படிக்குதோ அதைத்தான் படிக்கும். அதனால கர்னலும் இனிட்ஆர்டியும் ஈஎஃப்ஐ பார்ட்டிஷனுக்குள்ளயே வந்து உக்காரணும். கர்னல்ஸ்டப்னு ஒரு டூல் ஒவ்வொரு அப்டேட்லயும் இந்த காப்பி வேலையை பண்ணும். இப்ப இருக்க கர்னல் ஒன்னு, அதுல பிரச்சனைனா திரும்பிப் போக முந்தினது ஒன்னு. கணக்கு போடுங்க: கர்னல் ஒன்னு 15 எம்பி சுமார், இனிட்ஆர்டி 100 எம்பி தாண்டுறது சகஜம், என்விடியா டிரைவர் சேந்தா இன்னும் ஊதும், இதுல ரெண்டு ஜோடி. ரெக்கவரி பார்ட்டிஷனும் போட்டீங்கன்னா அதுக்குன்னு இன்னொரு ஜோடி. முந்நூறை தாண்டிருச்சா? இதுல 100 எம்பியில எங்க அடங்குறது? 500 எம்பியாவது இருந்தாத்தான் ஆச்சுன்னு இன்ஸ்டாலர் ஆரம்பத்துலயே நிறுத்துறது நம்ம நல்லதுக்குத்தான். பாதியில போய் "நோ ஸ்பேஸ் லெஃப்ட் ஆன் டிவைஸ்"னு விழுந்தா அது இதை விட கேவலமா இருக்கும்.

அப்போ ஈஸியான வழி உபுண்டுவோ மின்ட்டோ போடுறதுதானேன்னு கேட்டா, ஆமா, பாப்தான் வேணும்னு பிடிவாதம் இல்லைன்னா அதைப் பண்ணுங்க, நேரம் மிச்சம். ஆர்ச் லினக்ஸ்லயும் இதே கதைதான், சிஸ்டம்டி-பூட் வச்சா முட்டும், க்ரப் வச்சா முட்டாது.

இந்த 100, 260 எல்லாம் எங்க இருந்து வந்துச்சுன்னு ஒரு சின்ன கிளைக்கதை. சாதாரண டிஸ்க்ல விண்டோஸ் செட்டப் வெட்டுறது 100. செக்டர் (டிஸ்க் ஒரு தடவைல படிக்கிற துண்டு) சைஸ் 4096 பைட்டா இருக்க டிஸ்க்ல ஃபேட்32 போடணும்னா கிளஸ்டர் (ஃபைல் வைக்கிற கட்டம்) எண்ணிக்கை குறைஞ்சது 65525 வேணும், ஒரு கிளஸ்டர் குறைஞ்சது ஒரு செக்டர், பெருக்கிப் பாருங்க, 256 எம்பி கிட்ட வரும், அதை கொஞ்சம் கூட்டி 260. கம்பெனிக்காரங்க எதுக்கு வம்புன்னு எல்லா மாடலுக்கும் 260ஐயே போட்டு விட்டுடறாங்க. லினக்ஸ்காரன் பின்னாடி வருவான்னு யாரும் கணக்கு போடல.

ஏன் இழுக்கக் கூடாது

டிஸ்க்ல வரிசை இப்படி இருக்கும்: ஈஎஃப்ஐ 100 எம்பி, அப்புறம் மைக்ரோசாஃப்ட் ரிசர்வ்டுன்னு 16 எம்பி, அப்புறம் சி டிரைவ், கடைசியில ரெக்கவரி. இந்த 16 எம்பி டிஸ்க் மேனேஜ்மென்ட்ல தெரியாது, ஜிபார்ட்டட்ல தெரியும், திடீர்னு பாத்துட்டு இது எங்கடா இருந்து வந்துச்சுன்னு முழிக்கக் கூடாது. சி டிரைவை விண்டோஸ்ல சுருக்குனா காலி இடம் வலது பக்கம்தான் வரும். நமக்கு வேண்டியது இடது கோடியில. அப்போ சி டிரைவ் மொத்தத்தையும் வலது பக்கமா நகத்தணும், 300 ஜிபி டேட்டான்னா 300 ஜிபியையும் படிச்சு படிச்சு எழுதணும், நடுவுல கரண்ட் போய் பேட்டரியும் வீக்கா இருந்தா சோலி முடிஞ்சுது. அதுக்கப்புறம் அந்த 16 எம்பி குறுக்க நிக்கும், அதுல ஃபைல் சிஸ்டமே இல்லாததால ஜிபார்ட்டட் அதை நகத்தாது. இதெல்லாம் தாண்டி வந்தாலும் இவ்ளோ சின்ன ஃபேட் பார்ட்டிஷனை நீட்டும்போது ஜிபார்ட்டட் எரர் அடிக்கிறது தெரிஞ்ச வியாதி, கடைசியில பேக்கப் எடுத்து அழிச்சு புதுசாத்தான் போடணும். இவ்ளோ சுத்துறதுக்கு நேரா புதுசு போட்டுட்டு போலாம்.

சிலர் உள்ள இருக்கறதை அழிச்சு இடம் பண்ணலாம்பாங்க. ஈஎஃப்ஐக்குள்ள மைக்ரோசாஃப்ட், பூட், ஃபான்ட்ஸ்னு ஒரு ஃபோல்டர் இருக்கு, விண்டோஸ் அப்டேட் இந்த பார்ட்டிஷன்ல இடம் இல்லாம நின்னா அந்த ஃபான்ட்டை அழிக்கச் சொல்லி மைக்ரோசாஃப்ட்டே சொல்லிருக்கு. அது அவங்க அப்டேட்டுக்கு பத்தும். நமக்கு வேண்டியது நூத்துக்கணக்கான எம்பி, யானைப் பசிக்கு சோளப்பொரி.

வேலைக்கு முன்னாடி விண்டோஸ்ல ரெண்டு விஷயம்

மொதல்ல பிட்லாக்கர், அதாவது விண்டோஸ் டிஸ்க்கை சாவி போட்டு பூட்டி வைக்கிற என்கிரிப்ஷன். இதை தாண்டி குதிக்காதீங்க. புது விண்டோஸ் 11 லேப்டாப்ல மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட் போட்டு உள்ள போயிருந்தீங்கன்னா நீங்க கேக்காமயே டிவைஸ் என்கிரிப்ஷன் ஆன் ஆயிருக்க வாய்ப்பு ரொம்ப அதிகம். பாப் ஓஎஸ்ஸுக்கு செக்யூர் பூட்டை (கையெழுத்து இல்லாத ஓஎஸ்ஸை ஏற விடாத ஃபர்ம்வேர் செட்டிங்) ஆஃப் பண்ணியாகணும், அதை ஆஃப் பண்ணதும் அடுத்த தடவை விண்டோஸ் திறந்தா நீலக்கலர் ஸ்கிரீன்ல 48 இலக்க சாவி கேக்கும். தம்பி எனக்கு போன் பண்றதுக்கு முன்னாடியே செக்யூர் பூட்டை ஆஃப் பண்ணிட்டான், நான் "சரி ஒரு வாட்டி விண்டோஸுக்குள்ள போய்ட்டு வா"ன்னதும் அந்த ஸ்கிரீன் வந்து நின்னுச்சு, பய குரலே மாறிப் போச்சு. அக்கவுண்ட் எதுன்னே மறந்துட்டான், லேப்டாப் வாங்குன அன்னைக்கு கடைக்காரர் செட் பண்ணிக் கொடுத்தாராம். பழைய மெசேஜ் எல்லாம் தோண்டி, ஈமெயில் கண்டுபிடிச்சு, போன்ல மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டுக்குள்ள போய் அந்த டிவைஸோட ரெக்கவரி சாவியை எடுத்து, எட்டு கட்டமா அவன் ஒரு நம்பர் படிக்க நான் ஒரு நம்பர் திருப்பிச் சொல்லன்னு முடியுறப்போ மணி பன்னெண்டு.

அதனால முன்னாடியே அந்த சாவியை ஒரு பேப்பர்ல எழுதி வைங்க, அதே லேப்டாப்ல டெஸ்க்டாப்ல சேவ் பண்ணி வைக்கிறது சாவியை பூட்டுன பீரோவுக்குள்ளயே வைக்கிற மாதிரி. முடிஞ்சா என்கிரிப்ஷனையே செட்டிங்ஸ்ல ஆஃப் பண்ணிட்டு அது முழுசா முடியுற வரைக்கும் காத்திருங்க, முக்கால் மணி நேரம் ஆனாலும் பரவால்ல.

அடுத்தது ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப். அது ஆன்ல இருந்தா ஷட்டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் நிஜமா அணையுறதில்ல, அரைத் தூக்கத்துல இருக்கும், அந்த நிலையில லினக்ஸ்ல இருந்து அந்த டிரைவை தொட்டா கெடும். கமாண்ட் பிராம்ப்டை அட்மினா திறந்து 'பவர்சிஎஃப்ஜி /எச் ஆஃப்' அடிங்க. இதுல ரெண்டு மாங்கா: ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பும் போயிரும், ஹைபர்னேஷன் ஃபைலும் அழிஞ்சு பல ஜிபி திரும்பக் கிடைக்கும். அந்த ஃபைல் சி டிரைவ் நடுவுல நகராம உக்காந்திருக்கறதாலதான் பல பேருக்கு 200 ஜிபி காலியா இருந்தும் சுருக்கப் போனா 8 ஜிபிதான் தர்றேங்கும்.

இப்ப டிஸ்க் மேனேஜ்மென்ட்ல சி மேல ரைட் கிளிக், ஷ்ரிங்க் வால்யூம். எம்பியில கேக்கும், 100 ஜிபி வேணும்னா 102400. இதுக்கப்புறமும் கம்மியா காட்டுனா பேஜ் ஃபைலையும் சிஸ்டம் ரெஸ்டோரையும் தற்காலிகமா ஆஃப் பண்ணி ரீஸ்டார்ட் பண்ணி திரும்ப முயற்சி பண்ணுங்க. கிடைச்ச இடத்தை அன்அலகேட்டடாவே விடுங்க, அதுல விண்டோஸ்லயே புது வால்யூம் போட்டு வச்சிராதீங்க. சார்ஜர் மாட்டியே இருக்கட்டும்.

புதுசு போடுறது

லைவ் யூஎஸ்பில பூட் பண்ணுங்க. லைவ் யூஎஸ்பியை யூஈஎஃப்ஐ மோடுல பூட் பண்றது முக்கியம், பூட் மெனுவுல ஒரே பென்டிரைவ் ரெண்டு தடவை தெரிஞ்சா யூஈஎஃப்ஐன்னு போட்டிருக்கறதை எடுங்க. இன்ஸ்டாலர்ல மொழி, கீபோர்டு எல்லாம் தாண்டி வந்ததும் கிளீன் இன்ஸ்டால்னு பெருசா கண்ணைப் பறிக்கும், அதைத் தொடாதீங்க, அது டிஸ்க் மொத்தத்தையும் துடைச்சுரும். கஸ்டம் அட்வான்ஸ்டுன்னு இருக்கறதை எடுங்க. அங்கயே மாடிஃபை பார்ட்டிஷன்ஸ்னு ஒரு பட்டன் இருக்கு, அமுக்குனா ஜிபார்ட்டட் திறக்கும்.

சாம்பல் கலர்ல அன்அலகேட்டட்னு தெரியுற இடத்துல ரைட் கிளிக், நியூ. சைஸ் 1024, ஃபைல் சிஸ்டம் ஃபேட்32, லேபிள்ல பாப்ஈஎஃப்ஐன்னு மறக்காம வைங்க, பின்னாடி எது பழசு எது புதுசுன்னு அடையாளம் தெரியறதுக்கு. மிச்ச இடத்துல இன்னொரு நியூ, எக்ஸ்ட்4, இது ரூட்டுக்கு. ஸ்வாப் (ரேம் பத்தாதப்போ கை கொடுக்குற இடம்) வேணும்னா 4 ஜிபியோ 8 ஜிபியோ அதுல இருந்து வெட்டிக்கோங்க. ரெக்கவரி பார்ட்டிஷன் வேணுமா வேணாமாங்கறது உங்க இஷ்டம், நான் போடல, பென்டிரைவ் இருக்கே. மேல பச்சை டிக் அமுக்குனாத்தான் நிஜமா எழுதும், அதுவரைக்கும் எல்லாம் வெறும் பேச்சு. அமுக்குறதுக்கு முன்னாடி கீழ இருக்க லிஸ்ட்டை ஒரு தடவை படிங்க, அதுல கிரியேட்டுன்னு மட்டும்தான் இருக்கணும், டெலிட்டுன்னு ஒன்னு கூட இருக்கக் கூடாது.

முடிஞ்சதும் அந்த 1 ஜிபி மேல ரைட் கிளிக், மேனேஜ் ஃபிளாக்ஸ், அதுல பூட்னு டிக் பண்ணுங்க, ஈஎஸ்பின்னு (ஈஎஃப்ஐ சிஸ்டம் பார்ட்டிஷனோட சுருக்கம்) இருக்கறதும் தானா டிக் ஆயிரும். இதைத்தான் பாதிப் பேரு மறக்குறாங்க. ஃபிளாக் இல்லைன்னா அது வெறும் ஃபேட்32 டப்பாதான், அதை ஈஎஃப்ஐ பார்ட்டிஷன்னு யாரும் மதிக்க மாட்டாங்க.

ஜிபார்ட்டட்டை மூடிட்டு இன்ஸ்டாலர் பக்கத்துக்கு வந்தா பார்ட்டிஷன் எல்லாம் கலர் கலரா பட்டையா தெரியும். புது 1 ஜிபியை கிளிக் பண்ணி யூஸ் பார்ட்டிஷன் ஆன், பூட் /பூட்/ஈஎஃப்ஐன்னு தேர்ந்தெடுங்க. எக்ஸ்ட்4ஐ கிளிக் பண்ணி ரூட். பழைய 100 எம்பியையும் என்டிஎஃப்எஸ் பட்டையையும் கிளிக் பண்ணவே வேணாம், அங்க சுட்டி தெரியாத்தனமா பட்டு யூஸ் ஆன் ஆயிருச்சுன்னா உடனே ஆஃப் பண்ணுங்க. எரேஸ் அண்ட் இன்ஸ்டால்னு பட்டன்ல எழுதியிருக்கறதைப் பாத்து தம்பிக்கு அடுத்த ஹார்ட் அட்டாக், நாம யூஸ்னு சொன்ன பார்ட்டிஷனைத்தான் அது எரேஸ் பண்ணும், பயப்படாம அமுக்குங்க.

ஏறி முடிஞ்சப்புறம் விண்டோஸ் எங்க போச்சு?

எங்கயும் போகல. பழைய ஈஎஃப்ஐ பார்ட்டிஷன்ல அப்படியே இருக்கு. ஆன் பண்ணும்போது பூட் மெனு கீயைத் தட்டுனா, சில கம்பெனியில எஃப்12, சிலதுல எஃப்9, சிலதுல எஃப்8 இல்ல எஸ்கேப், விண்டோஸ் பூட் மேனேஜர் லிஸ்ட்ல நிக்கும். நான் தம்பியை இதோடவே விட்டுட்டேன், மாசத்துக்கு ரெண்டு தடவை கேம் ஆட விண்டோஸ் போறவனுக்கு இது போதும்.

இல்ல, லினக்ஸ் பூட் மெனுவுலயே விண்டோஸ் தெரியணும்னா ஒரு வேலை இருக்கு. சிஸ்டம்டி-பூட் தான் இருக்க அதே ஈஎஃப்ஐ பார்ட்டிஷன்ல மைக்ரோசாஃப்ட் ஃபோல்டர் இருந்தா மட்டும்தான் விண்டோஸை தானா கண்டுபிடிக்கும், அடுத்த வீட்ல எட்டிப் பாக்காது. அதனால அந்த ஃபோல்டரை இங்க ஒரு காப்பி எடுத்து வைக்கணும். 'எல்எஸ்பிஎல்கே'ன்னு அடிச்சு 100 எம்பி எதுன்னு பாருங்க, என்விஎம்இ டிஸ்க்ல அனேகமா கடைசியில பி1னு முடியும். அதை 'சூடோ மவுண்ட்' போட்டு /எம்என்டில மாட்டி, 'சூடோ சிபி -ஆர்' போட்டு /எம்என்டி/ஈஎஃப்ஐ/மைக்ரோசாஃப்ட்டை /பூட்/ஈஎஃப்ஐ/ஈஎஃப்ஐக்குள்ள போடுங்க. ஈஎஃப்ஐ ரெண்டு தடவை வருதேன்னு நினைக்காதீங்க, மொதல்ல வர்ற /பூட்/ஈஎஃப்ஐ சின்ன எழுத்து, மவுண்ட் ஆன இடம், அதுக்குள்ள இருக்க ஃபோல்டர் பேரு ஈஎஃப்ஐ பெரிய எழுத்து, மைக்ரோசாஃப்ட்ல எம் மட்டும் பெரிய எழுத்து. 30 எம்பிதான், நம்மகிட்ட 1 ஜிபி இருக்கு.

ரீஸ்டார்ட் பண்ணும்போது ஸ்பேஸ் பாரை அமுக்கிப் பிடிச்சா மெனு வரும், இல்லைன்னா பாப் மெனுவை காட்டாமயே போயிரும். மெனுவுல டி கீயை (டைம்அவுட்ல வர்ற டி, சின்ன எழுத்து) தட்டுனா காத்திருக்க நேரம் கூடும், அடுத்த தடவைல இருந்து மெனு தானா நிக்கும். ரெண்டு எச்சரிக்கை. விண்டோஸ் தன் அப்டேட்டை பழைய பார்ட்டிஷன்லதான் போடும், இந்த காப்பி பழசாகிட்டே இருக்கும், என்னைக்காவது முரண்டு பண்ணுனா திரும்ப ஒரு காப்பி போட்டுருங்க. இன்னொன்னு, பிட்லாக்கரை ஆன்லயே வச்சிருந்தா இந்த வழியா போகும்போது வழி மாறிருச்சுன்னு சொல்லி மறுபடி அந்த 48 இலக்கத்தை கேக்கலாம், அவங்க பூட் மெனு கீயோடவே போறது நல்லது.

ஏற்கனவே பழைய ஈஎஃப்ஐ பார்ட்டிஷனை ஃபார்மேட் பண்ணித் தொலைச்சாச்சா? விண்டோஸ் பூட் ஆகாது, ஆனா சி டிரைவ் பத்திரமா இருக்கு, உக்காந்து அழ வேணாம். விண்டோஸ் யூஎஸ்பில பூட் பண்ணி ஷிஃப்ட் எஃப்10 அமுக்குனா கறுப்பு விண்டோ வரும், டிஸ்க்பார்ட்ல அந்த சின்ன பார்ட்டிஷனை செலக்ட் பண்ணி 'அசைன் லெட்டர்=எஸ்' கொடுத்து வெளிய வந்து 'பிசிடிபூட் சி:\விண்டோஸ் /எஸ் எஸ்: /எஃப் யூஈஎஃப்ஐ' அடிங்க, பூட் ஃபைல் எல்லாம் திரும்ப எழுதிக் கொடுத்துரும். அங்க சி டிரைவ் சில நேரம் டின்னு பேர் மாறி நிக்கும், டிஐஆர் போட்டு விண்டோஸ் ஃபோல்டர் எங்க இருக்குன்னு பாத்துட்டு அடிங்க.

ஆர்ச்காரங்களுக்கு இன்னொரு வழியும் உண்டு, பழைய 100 எம்பியை /ஈஎஃப்ஐல மாட்டிட்டு, அதே டிஸ்க்ல 1 ஜிபிக்கு எக்ஸ்பூட்எல்டிஆர் (கர்னல் வைக்கிறதுக்குன்னே இருக்க கூடுதல் பூட் பார்ட்டிஷன்) டைப்ல ஒரு ஃபேட்32 பார்ட்டிஷன் போட்டு /பூட்ல மாட்டுறது. ஜிடிஸ்க்னு பார்ட்டிஷன் வெட்டுற கமாண்ட்ல அதோட டைப் கோட் ஈஏ00. சிஸ்டம்டி-பூட் 100 எம்பில உக்காரும், கர்னல் எல்லாம் 1 ஜிபியில. சுத்தமான வழி இதுதான், விண்டோஸும் மெனுவுல தானா வந்துரும், ஆனா பாப் இன்ஸ்டாலர்ல இதுக்கு இடம் இல்ல.

/பூட் நிரம்புறது

இது இன்ஸ்டால்ல வராது, ஒரு வருஷம் கழிச்சு அப்டேட்ல வரும். உபுண்டுவை என்கிரிப்ட் பண்ணி போட்டவங்களுக்கு தனி /பூட் இருக்கும், பழைய இன்ஸ்டால்ல அது 500, 700 எம்பின்னு இருக்கும், மூணு கர்னல் சேந்தா இனிட்ஆர்டி எழுத இடமில்லாம அப்டேட் பாதியில நிக்கும். 'டிஎஃப் -எச் /பூட்' அடிச்சு நூறு சதவீதம்னு காட்டுனா இதேதான். மொதல்ல 'யூநேம் -ஆர்' அடிச்சு இப்ப ஓடுற கர்னல் எதுன்னு குறிச்சுக்கோங்க, அதை மட்டும் தொடக்கூடாது. அப்புறம் 'சூடோ ஏபிடி ஆட்டோரிமூவ் --பர்ஜ்'. நேரா /பூட்டுக்குள்ள போய் ஃபைலை அழிக்காதீங்க, ஏபிடிக்கு (உபுண்டுல சாஃப்ட்வேர் ஏத்தி இறக்குற டூல்) தெரியாம அழிச்சா அது இன்னும் இருக்குன்னே நினைச்சுட்டு இருக்கும். ஃபெடோரா லினக்ஸ்ல அதே வேலையை பண்ற டிஎன்எஃப்போட கான்ஃபிக்ல இன்ஸ்டால்ஒன்லி_லிமிட்னு 3 இருக்கும், அதை 2 ஆக்குனா அடுத்த அப்டேட்ல இருந்து ரெண்டு கர்னல்தான் வைக்கும்.

விண்டோஸையும் சேத்து மொத்தமா புதுசா போடப் போறவங்களுக்கு மேல சொன்ன எதுவுமே வேணாம். விண்டோஸ் இன்ஸ்டாலர் மொத ஸ்கிரீன்லயே ஷிஃப்ட் எஃப்10, டிஸ்க்பார்ட், 'செலக்ட் டிஸ்க் 0', 'கிளீன்', 'கன்வர்ட் ஜிபிடி', 'கிரியேட் பார்ட்டிஷன் ஈஎஃப்ஐ சைஸ்=1024', 'ஃபார்மேட் குயிக் எஃப்எஸ்=ஃபேட்32'. கிளீன் அடிச்சா டிஸ்க்ல இருக்கறது எல்லாம் போயிரும், ரெண்டு டிஸ்க் இருக்க மெஷின்ல 0 எதுன்னு 'லிஸ்ட் டிஸ்க்' போட்டு சைஸ் பாத்துட்டு அடிங்க. அப்புறம் மூடிட்டு மிச்ச காலி இடத்தை காட்டி நெக்ஸ்ட் கொடுத்தா விண்டோஸ் தனியா ஒரு 100 எம்பி வெட்டாம நீங்க போட்ட 1 ஜிபியையே எடுத்துக்கும், பின்னாடி பாப் வந்தாலும் அதுலயே உக்காந்துக்கும். தம்பியோட ரூம்மேட் புது எஸ்எஸ்டி வாங்கிருக்கானாம், இந்த ஞாயித்துக்கிழமை அவனுக்கு இப்படித்தான் போடப் போறோம், பிட்லாக்கர் சாவியை வாங்கி வைன்னு இப்பவே சொல்லிட்டேன்.